25,000 டாலர் பாண்டு இருக்கிறது என்பதால் அட்வான்ஸ் பத்திரமாகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் பழைய வீடு ஒன்று வாங்கிக் குடியிருக்கிறீர்கள். கிச்சனையும் இரண்டு பாத்ரூமையும் இடித்துப் புதிதாகச் செய்ய ஒரு கான்ட்ராக்டர் 80,000 டாலர் சொல்கிறார். கையெழுத்துப் போடும் அன்றே 30 சதவீதம், அதாவது 24,000 டாலர், அட்வான்ஸ் வேண்டும் என்கிறார். "என் லைசென்ஸுக்கு 25,000 டாலர் பாண்டு இருக்கிறது, உங்கள் அட்வான்ஸ் அதற்குள் அடங்கிவிடும், பயமே வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார். அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அந்த பாண்டிலிருந்து உங்கள் பணம் திரும்ப வருமா என்பது கேள்வி.

பாண்டை நம்பி அந்த 24,000 டாலரைக் கொடுக்காதீர்கள். பாண்டு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது அவர் சொல்கிற மாதிரி வேலை செய்வதில்லை. அதோடு, அவர் கேட்கும் அட்வான்ஸே கலிஃபோர்னியா சட்டப்படி கேட்கக் கூடாத தொகை. இரண்டையும் விளக்குகிறேன். நான் பல ஆண்டுகள் இந்த மாநிலத்தில் ஒரு ஷூரிட்டி கம்பெனியின், அதாவது இந்த பாண்டுகளை எழுதித் தரும் கம்பெனியின், கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். வீட்டுக்காரர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, பணம் தரலாமா கூடாதா என்று முடிவு செய்யும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் சட்டத்தில் எழுதியிருப்பதையும், நடைமுறையில் நான் பார்த்ததையும், ஆளுக்கு ஆள் வாதம் மாறும் இடங்களையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

பாண்டை இன்ஷ்யூரன்ஸ் மாதிரி நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. ஊரில் கூட்டுறவு வங்கியில் ஒருவர் கடன் வாங்கும்போது இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரே, பாண்டு அந்த வகை. கடனாளி கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்டுவார், பிறகு கடனாளியிடமிருந்து வசூலிப்பார். இங்கே கான்ட்ராக்டர் கடனாளியின் இடத்தில் இருக்கிறார், ஷூரிட்டி கம்பெனி ஜாமீன்தாரர். பாண்டு வாங்கும்போதே "நீங்கள் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அதை நான் திருப்பிக் கட்டுவேன்" என்று கான்ட்ராக்டர் தன் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் நல்ல கிரெடிட் உள்ளவருக்கு 25,000 டாலர் பாண்டு ஆண்டுக்குச் சில நூறு டாலர் பிரீமியத்தில் கிடைக்கிறது. கம்பெனி தன் கைக்காசு போகும் என்று நினைத்து விலை வைப்பதில்லை, கொடுத்தாலும் வசூலித்துவிடலாம் என்ற கணக்கில் வைக்கிறது. அந்த ஜாமீன்தாரரிடம் நீங்கள் போய் நின்றால், அவர் முதலில் கடனாளியைக் கூப்பிட்டு "இவர் சொல்வது உண்மையா?" என்றுதான் கேட்பார். பணம் கொடுப்பதற்கு முன் எதிர்ப்பு எழுதித் தர கான்ட்ராக்டருக்குக் குறைந்தது 15 நாள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இந்த லைசென்ஸ் பாண்டு கலிஃபோர்னியாவில் எல்லா கான்ட்ராக்டருக்கும் கட்டாயம். கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு, எல்லோரும் சி.எஸ்.எல்.பி. என்று சொல்வது, பாண்டு இல்லாமல் லைசென்ஸ் தராது. பாண்டு நின்றுபோனால் லைசென்ஸும் நிறுத்திவைக்கப்படும். தொகை 2007 முதல் 12,500 டாலராக இருந்தது, 2016இல் 15,000 ஆனது, 2023 ஜனவரி 1 முதல் 25,000. கவனிக்க வேண்டியது, இது வேலைக்கு ஒன்று என்று எடுக்கும் பாண்டு இல்லை. லைசென்ஸுக்கு ஒன்று. அவர் ஒரே சமயத்தில் 3,00,000 டாலருக்கு வேலை எடுத்திருந்தாலும், 30 லட்சம் டாலருக்கு எடுத்திருந்தாலும் அதே 25,000தான். அதில் உங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு எதுவும் கிடையாது.

ஒரு கான்ட்ராக்டர் விழும்போது ஒரு வீட்டில் மட்டும் விழுவதில்லை. ஒரு வீட்டு அட்வான்ஸை எடுத்து முந்தைய வீட்டு வேலையை முடித்துக்கொண்டு வருவார், ஒருநாள் புது அட்வான்ஸ் வராது, எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வேலை நிற்கும். எங்கள் மேசைக்கு அப்படித்தான் வரும். முதல் கிளெய்ம் வந்த சில வாரங்களுக்குள் அதே லைசென்ஸ் எண்ணில் இரண்டாவது, மூன்றாவது. எல்லாருடைய கோரிக்கையும் சேர்ந்து பாண்டுத் தொகையைத் தாண்டினால், அவரவர் கோரிக்கையின் விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நஷ்டம் 32,000, இன்னொரு வீட்டுக்காரர் நஷ்டம் 48,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 80,000. பாண்டில் இருப்பது 25,000. உங்களுக்கு 10,000, அவருக்கு 15,000. இது இரண்டே பேர் இருக்கும்போது. கிளெய்ம்கள் நிறைய வந்தால், "யாருக்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்" என்று ஷூரிட்டி கம்பெனி மொத்தத் தொகையையும் கோர்ட்டில் கட்டிவிட்டு ஒதுங்குவதும் உண்டு. அப்போது எல்லோரும் கோர்ட்டுக்குப் போய்த் தங்கள் பங்கை நிரூபிக்க வேண்டும்.

பாண்டில் பங்கு கேட்கக்கூடியவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமில்லை. சம்பளம் கிடைக்காத தொழிலாளியும் கேட்கலாம், தொழிலாளர்களின் நலநிதிகளும் கேட்கலாம், வேண்டுமென்றே செய்த விதிமீறலாலோ மோசடியாலோ பாதிக்கப்பட்ட வேறு யாரும் கேட்கலாம். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. தான் குடியிருக்கும் குடும்ப வீட்டைப் புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டவரைச் சட்டம் தனியாக வைத்துப் பார்க்கிறது. மற்ற எல்லா வகையினருக்கும் சேர்த்து பாண்டிலிருந்து போகக்கூடியது 7,500 டாலருக்கு மேல் இல்லை, மீதி அந்த முதல் வகை வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே. நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு கிச்சனை மாற்றுவதால் முதல் வகையில் வருகிறீர்கள்.

இதையே புரட்டிப் பார்த்தால் நம்மவர்கள் பலருக்குப் பாதகமாக இருக்கும். வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீட்டில் வேலை செய்தால் நீங்கள் முதல் வகை இல்லை. கான்ட்ராக்டர் வேண்டுமென்றே விதியை மீறினார், அல்லது மோசடி செய்தார் என்று நிரூபித்தால்தான் உள்ளே வரவே முடியும், வந்தாலும் அந்த 7,500க்குள். காலி மனையில் புதிதாகத் தனக்கென்று ஒரு வீடு கட்டுபவரும் சட்டத்தில் வேறு வகை, அவருக்கும் அதே 7,500 வரம்பு. பத்து லட்சம் டாலருக்கு வீடு கட்டுகிறவருக்கு லைசென்ஸ் பாண்டில் கிடைக்கக்கூடியது கிச்சன் மாற்றுகிறவரைவிடக் குறைவு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் ஏ.டி.யூ., அதாவது அதே மனையில் தனியாக ஒரு சிறு வீடு, கட்டி வாடகைக்கு விடும் திட்டம் இருந்தால் அது வாதத்துக்கு உட்பட்ட இடம். குடும்ப வீட்டின் பகுதி என்று நீங்கள் சொல்வீர்கள், வருமானத்துக்கான கட்டிடம் என்று ஷூரிட்டி சொல்லும். அப்பா அம்மா வந்து தங்குவதற்கு என்றால் உங்கள் பக்கம் வலுவானது. இந்த மாதிரி விஷயத்தில் என் பேச்சை வைத்து முடிவெடுக்காமல் கட்டுமான வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

அடுத்தது, எதற்குப் பணம் கிடைக்கும் என்பது. வேலை பிடிக்கவில்லை, டைல்ஸ் நிறம் நினைத்த மாதிரி வரவில்லை, சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தாமதம் என்பதெல்லாம் பாண்டு கிளெய்ம் ஆகாது. லைசென்ஸ் சட்டத்தை அவர் மீறியிருக்க வேண்டும், அதனால் உங்களுக்குப் பண நஷ்டம் வந்திருக்க வேண்டும். நாங்கள் அதிகம் பார்க்கும் மீறல்கள் நான்குதான். காரணமில்லாமல் வேலையைப் பாதியில் கைவிடுவது, தொழில் தரத்தை அல்லது பிளானை விட்டு விலகுவது, ஒரு வேலைக்கு வாங்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது, பேசிய விலைக்கு முடித்துத் தராமல் போவது. ஷவர் தரையில் தண்ணீர் தேங்காமல் இறங்கும் சரிவு இல்லை, அடியில் போட வேண்டிய நீர்த்தடுப்புப் படலம் சுவரில் ஏறவே இல்லை, இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு முன்பே மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார் என்றால் அது தொழில் தரத்தை மீறியது. அதைப் புகைப்படத்தோடு காட்டினால் எங்களால் மறுக்க முடியாது. "பாத்ரூம் வேலை மோசம்" என்று மட்டும் எழுதினால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

நஷ்டத்தைக் கணக்கிடும் விதத்திலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். "நான் 60,000 கொடுத்தேன், 60,000 திருப்பிக் கொடு" என்பது கணக்கு இல்லை. உங்கள் ஒப்பந்தம் 80,000. 60,000 கொடுத்துவிட்டீர்கள், மிச்சம் 20,000 உங்கள் கையில் இருக்கிறது. மீதி வேலையை முடிக்கவும் கெட்டதைச் சரிசெய்யவும் வேறு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் 52,000 கேட்கிறார். அப்படியானால் நஷ்டம் 52,000 இல்லை, 60,000மும் இல்லை. 52,000இல் இருந்து உங்கள் கையில் மிஞ்சிய 20,000ஐக் கழித்து 32,000. மேலே சொன்ன 32,000 இப்படித்தான் வந்தது. இந்தக் கணக்கில் ஒன்று தெளிவாகத் தெரியும். உங்கள் கையில் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் நஷ்டம் குறைகிறது. அந்த 20,000 யாருடனும் பங்கு போட வேண்டியதில்லை, யாருக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. கிளெய்ம் மேசையில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்த பிறகு நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: பாண்டு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, எந்த நாளிலும் நீங்கள் கொடுத்த பணம் நடந்து முடிந்த வேலையைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தத்துக்கு அட்வான்ஸ் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான். உங்கள் 80,000 டாலர் வேலைக்கு 10 சதவீதம் 8,000, ஆனால் குறைவானது 1,000. ஆக, அவர் வாங்கக்கூடிய அட்வான்ஸ் ஆயிரம் டாலர் மட்டுமே. கேபினெட் ஆர்டர் போட வேண்டும், குவார்ட்ஸ் பலகை முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. தனியாக ஆர்டர் செய்து செய்விக்கும் பொருளுக்கும் இதே வரம்புதான் என்று போர்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின் வரும் தவணைகளும் அதுவரை செய்த வேலை, இறக்கிய பொருள் இவற்றின் மதிப்பைத் தாண்டக் கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. போர்டு ஏற்றுக்கொண்ட முழு பெர்ஃபார்மன்ஸ் அண்ட் பேமென்ட் பாண்டை (வேலையை முடித்துத் தருவதற்கும் கடைக்காரர், வேலையாட்களுக்குப் பணம் போவதற்குமான ஜாமீன்) தன் எல்லா வேலைகளுக்கும் பொதுவாகத் தாக்கல் செய்திருக்கும் கான்ட்ராக்டர் கூடுதலாக வாங்கலாம். அப்படிப்பட்டவர்கள் மாநிலத்தில் மிகச் சிலரே. அவர்கள் லைசென்ஸ் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். உங்கள் ஆள் 25,000 டாலர் பாண்டைக் காட்டி 30 சதவீதம் கேட்பதால் அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றே தோன்றுகிறது, இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு இதில் உறுத்துவது, அவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை என்பது. லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் சட்டப் பகுதியில் படிக்கும் விஷயம் இது. எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் நானும் கேட்கிறேன் என்ற மனநிலையாக இருக்கலாம். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்கூடக் கைமுதல் இல்லாமல் வாடிக்கையாளர் அட்வான்ஸில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஓட்டம் நிற்கும் நாளில் நஷ்டப்படுவது யார் என்று மேலே பார்த்தோம். "சட்டப்படி 1,000 தருகிறேன், கேபினெட்டை நானே நேராகக் கடையில் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையான ஆள் அதற்கு ஒத்துக்கொள்வார். அளவு எடுப்பதும் பொருள் சேதமானால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாமல் கோபப்பட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

இனி, அவர் லைசென்ஸை எப்படிப் பார்ப்பது என்று. சி.எஸ்.எல்.பி. தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால் ஒரு பக்கம் வரும். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குக் கீழே பாண்டுப் பகுதியில் ஷூரிட்டி கம்பெனியின் பெயர், பாண்டு எண், தொகை, எந்தத் தேதி முதல் நடப்பில் உள்ளது எல்லாம் இருக்கும். ரத்தாகும் தேதி ஏதாவது போட்டிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். அதே பகுதியில் பாண்டு வரலாற்றையும் திறந்து பார்க்கலாம். ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு ஷூரிட்டி கம்பெனியை மாற்றிக்கொண்டே இருந்தால், மலிவான பிரீமியம் தேடியிருக்கலாம், பழைய கம்பெனி வேண்டாம் என்று விலகியும் இருக்கலாம். இதிலிருந்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, கேட்டுப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனிப் பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் லைசென்ஸில் மாப்பிள்ளை வேலை எடுத்திருந்தால் பாண்டு கிளெய்ம் அங்கேயே சிக்கலாகிவிடும்.

அந்தப் பக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது பாண்டு தெரிந்தால் குழம்ப வேண்டாம். கான்ட்ராக்டர் எல்.எல்.சி.யாக (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனியாக) இருந்தால் 1,00,000 டாலருக்கு இன்னொரு பாண்டு இருக்கும். பெரிய தொகையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது அவருடைய தொழிலாளர்களின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் மட்டும். வீட்டுக்காரருக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடையாது. லைசென்ஸுக்குத் தகுதி காட்டும் ஆள் அந்தக் கம்பெனியில் 10 சதவீதம்கூடப் பங்கு இல்லாதவர் என்றால் அவர் பெயரில் தனியாக 25,000 டாலர் பாண்டு இருக்கும். இதன் மீது வீட்டுக்காரரும் கிளெய்ம் போடலாம். ஆனால் அப்படி ஒரு பாண்டு இருப்பதைக் கண்டால், அந்தத் தகுதியாளர் உண்மையில் வேலையைக் கவனிக்கிறாரா, அல்லது மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசியாக, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பிறகு போர்டு கட்டச் சொல்லும் பாண்டு ஒன்று உண்டு. அது பக்கத்தில் இருந்தால் முன்பு என்ன நடந்தது என்று முழுதாகப் படித்துவிட்டு மேலே போங்கள்.

"லைசென்ஸ்டு, பாண்டட், இன்ஷ்யூர்டு" என்று வண்டியில் எழுதியிருப்பதில் மூன்றாவது வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் சாதாரண கான்ட்ராக்டருக்கு ஜெனரல் லயபிலிட்டி இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமே இல்லை, எல்.எல்.சி.க்கு மட்டும்தான் கட்டாயம். பிளம்பர் குழாயை உடைத்துத் தரை முழுக்க வெள்ளமானால் அதற்குத் தேவைப்படுவது இந்த இன்ஷ்யூரன்ஸ். பாண்டை வைத்து அதைச் சமாளிக்க முடியாது. சர்டிஃபிகேட்டைக் கான்ட்ராக்டர் கையால் வாங்காமல் இன்ஷ்யூரன்ஸ் ஏஜென்ட்டிடமிருந்து நேராக அனுப்பச் சொல்லுங்கள். ஆள் வைத்து வேலை செய்பவரானால் தொழிலாளர் இழப்பீட்டு இன்ஷ்யூரன்ஸும் வேண்டும், அது சி.எஸ்.எல்.பி. பக்கத்திலேயே தெரியும். நாலு பேர் வந்து வேலை செய்யும் இடத்தில் "எனக்கு வேலையாட்கள் இல்லை" என்று விலக்கு வாங்கியிருந்தால், உங்கள் வீட்டில் ஒருவர் விழுந்து அடிபட்டால் பிரச்சினை உங்கள் வாசலுக்கு வரும்.

வேலை ஆரம்பித்த பிறகு வரும் இன்னொரு ஆபத்து பாண்டோடு சம்பந்தமில்லாதது மாதிரி தெரியும், ஆனால் சம்பந்தம் உண்டு. நீங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள், அவர் கேபினெட் கடைக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கொடுக்கவில்லை. அவர்கள் உங்கள் வீட்டின் மேல் மெக்கானிக்ஸ் லீன், அதாவது வர வேண்டிய பணத்துக்காக வீட்டின் மேலேயே ஓர் உரிமை, பதிவு செய்யலாம். தபாலில் பிரிலிமினரி நோட்டீஸ் என்று ஒன்று வந்தால் பதற வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். யார் யாருக்கு லீன் உரிமை இருக்கிறது என்பதற்கு அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பட்டியல். ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும், அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமிருந்து லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் கையெழுத்துப் படிவம் வாங்குங்கள். பெரிய பில் என்றால் கான்ட்ராக்டர் பெயரும் கடை பெயரும் சேர்த்து ஒரே செக்காக எழுதுங்கள். லீன் வந்துவிட்டால், அதைத் தீர்க்க நீங்கள் இரண்டாம் முறை கொடுத்த பணத்தை பாண்டில் கேட்கலாம், ஆனால் அதுவும் அதே 25,000க்குள், அதே கூட்டத்தோடு.

சரி, எல்லாம் பார்த்தும் ஆள் பாதியில் போய்விட்டார் என்றால் என்ன செய்வது? ஷூரிட்டி கம்பெனிக்கு எழுத சி.எஸ்.எல்.பி. புகார் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். போர்டு உங்களுக்காகப் பாண்டுப் பணத்தை வசூலித்துத் தராது, அது லைசென்ஸ் மேல் நடவடிக்கை எடுக்கும் இடம். பாண்டுக்கு நீங்கள்தான் எழுத வேண்டும். தவறு நடந்த காலத்தில் எந்தக் கம்பெனியின் பாண்டு நடப்பில் இருந்ததோ அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டும், இன்று இருப்பதற்கு இல்லை. பாண்டு வரலாறு இங்கேதான் கைகொடுக்கும். கையெழுத்திட்ட ஒப்பந்தம், மாற்ற உத்தரவுகள் (நடுவில் வேலையை மாற்றி எழுதிக்கொண்ட தாள்கள்), பணம் கொடுத்த செக்கின் இரு பக்கமும் அல்லது வங்கிக் கணக்கு விவரம், தேதியோடு படங்கள், கான்ட்ராக்டரோடு நடந்த மெசேஜ்கள், முடித்துத் தர வேறு லைசென்ஸ் உள்ளவர்கள் எழுதித் தந்த மதிப்பீடுகள், இவை எல்லாம் முதல் உறையிலேயே இருக்கட்டும். மதிப்பீட்டில் "மீதி வேலை, 52,000" என்று ஒற்றை வரி போதாது. எந்த அறை, என்ன வேலை, எது கெட்டதைச் சரிசெய்வது, எது விட்டதை முடிப்பது என்று பிரித்திருக்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் சாதாரண கேபினெட், புதிய மதிப்பீட்டில் விலை உயர்ந்த கேபினெட் என்று இருந்தால் வித்தியாசத்தை நாங்கள் கழித்துவிடுவோம். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால் அது நடக்காத மாதிரிதான்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். லைசென்ஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. தவறு நடந்த அந்த லைசென்ஸ் காலம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பாண்டின் மேல் வழக்குப் போட்டாக வேண்டும் என்பது பொதுவான விதி. பாண்டோ லைசென்ஸோ நடுவில் ரத்தாகியிருந்தால் கணக்கு மாறலாம். கம்பெனியோடு கடிதம் போய் வந்துகொண்டிருப்பதால் கெடு நின்றுவிட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கம்பெனி மறுத்தால் மறுப்புக் கடிதத்தோடு வக்கீலிடம் போங்கள். கான்ட்ராக்டர் மேலேயே நேராக ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) போகலாம், தனிநபருக்கு 2024 முதல் வரம்பு 12,500 டாலர், வக்கீல் தேவையில்லை.

வேலை நடந்த காலத்தில் அவருடைய பாண்டு அறுந்து லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருந்ததா என்பதையும் பாருங்கள். நிறுத்தப்பட்டிருந்த நாட்களில் அவர் சட்டத்தின் பார்வையில் லைசென்ஸ் இல்லாதவர். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தவருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போட கலிஃபோர்னியா சட்டம் இடம் கொடுக்கிறது. அது பாண்டைவிடப் பெரிய ஆயுதம். ஆனால் வேலை முடிந்த அல்லது நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கான்ட்ராக்டருக்கும் சில தற்காப்புகள் உண்டு. அதனால் இந்த வழிக்கு வக்கீல் அவசியம்.

நான் சொன்னது எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். உங்கள் பதிவுக்குக் கீழே சியாட்டிலிலிருந்தும் டாலஸிலிருந்தும் சிலர் கேட்டிருந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் ஜெனரல் கான்ட்ராக்டர் பாண்டு 30,000 டாலர், முன்பு 12,000ஆக இருந்தது. டெக்ஸாஸில் ஜெனரல் கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது, அதனால் இப்படி ஒரு மாநில பாண்டும் கிடையாது. அங்கே உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தமும் தவணை முறையும்தான். அரிசோனா, மினசோட்டா மாதிரி சில மாநிலங்களில் கான்ட்ராக்டர்கள் கட்டும் பணத்திலிருந்து வீட்டுக்காரருக்கு இழப்பீடு தரும் மீட்பு நிதி இருக்கிறது. என்னைக் கேட்டால் லைசென்ஸ் பாண்டைவிட வீட்டுக்காரருக்கு அதுதான் நல்ல ஏற்பாடு. கலிஃபோர்னியாவில் அப்படி ஒன்று இல்லாதது எனக்கு வருத்தம்.

உங்களுக்கே உங்களுக்கான முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் பெர்ஃபார்மன்ஸ் அண்ட் பேமென்ட் பாண்டு எடுத்துத் தரச் சொல்லலாம். அது ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் இருக்கும், வேறு வீட்டுக்காரரோடு பங்கு இல்லை. பிரீமியத்தை அவர் உங்கள் பில்லில்தான் சேர்ப்பார், ஒப்பந்தத் தொகையில் சில சதவீதம் ஆகும். சிறு கான்ட்ராக்டர்கள் பலருக்கு இந்த பாண்டு கிடைக்காது, ஏனென்றால் ஷூரிட்டி அவருடைய கணக்கு வழக்கு முழுவதையும் கேட்கும். 80,000 டாலர் கிச்சனுக்கு நான் இதை வற்புறுத்த மாட்டேன், தவணையைச் சரியாகப் பிரித்தாலே போதும். இரண்டாவது மாடி ஏற்றுகிறீர்கள், மூன்று நான்கு லட்சம் டாலர் போகிறது என்றால் கேட்டே தீருங்கள்.

நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. போடும் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் 1,000 என்று இருக்கட்டும். தவணைகளைத் தேதிப்படி எழுதாமல், இடிப்பு முடிந்ததும் இவ்வளவு, பிளம்பிங் எலெக்ட்ரிக்கல் ரஃப் இன்ஸ்பெக்ஷன் (சுவரை மூடுவதற்கு முன் நடக்கும் சோதனை) பாஸ் ஆனதும் இவ்வளவு, கேபினெட் பொருத்தியதும் இவ்வளவு என்று வேலைப்படி எழுதச் சொல்லுங்கள். ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை கையில் ஒரு கணிசமான தொகை நிற்கட்டும். உங்கள் வீட்டுக்கே வந்து பேசி ஒப்பந்தம் போடுகிறார் என்றால், கையெழுத்திட்டதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு, 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கையெழுத்திட்டிருந்தால் ஐந்து வேலை நாள். அந்த ரத்துப் படிவம் ஒப்பந்தத்தோடு இணைத்துத் தரப்பட வேண்டும். அவர் தரும் தாள்களில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.